கம்பி போகாத இடம்

(கணபதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உயிர்ப்பொருள்களைக் கொண்டு நானோ அளவில் செய்தி அனுப்புவதும் கணக்கிடுவதும் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். இதைக் கணபதியில் பேசுவதில் எனக்கு ஒரு வசதி உண்டு. டெக்ஸ்டூல் நிறுவனமும், வார்ப்படப் பட்டறைகளும், சத்தி ரோட்டின் இரு பக்கச் சந்துகளிலும் ஓடும் லேத்துகளும் வளர்த்த ஊர் இது. அளவு என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்ரோமீட்டரில் ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரான். ஒரு பேரிங் உட்காருமா உட்காராதா என்பதை அந்த ஒரு கோடு முடிவு செய்துவிடும். பயறுச் செடியின் வேர்த்தூவி ஒன்றின் தடிமனும் ஏறத்தாழ அதே ஒரு கோடுதான். அந்த அகலத்துக்குள் பாக்டீரியாக்களை நீளவாக்கில் ஐந்தாறு நிறுத்தலாம். டிஎன்ஏ இரட்டை இழையின் குறுக்களவு 2 நானோமீட்டர். அதைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஐயாயிரம் இழை அடங்கும். இன்று நாம் பேசப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கோட்டுக்குள் நடப்பவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலக்கூறுகளால் கணக்கிடும் கருவி நம் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியை வேகத்தில் வெல்லாது. வேகத்தைக் காட்டி இந்தத் துறைக்கு ஆள் சேர்ப்பவர்கள் அதற்கு நன்மை செய்யவில்லை. அதன் பெருமை அது வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் ஒரு சிறு பைக்குள்ளும், வேர்நுனியை ஒட்டிய மண்ணின் ஈரத்திலும், வீங்கிய புண்ணிலும் கம்பி இழுக்க முடியாது. பேட்டரி வைக்க முடியாது. அங்கே செய்தி போக வேண்டும் என்றால் மூலக்கூறாகத்தான் போக வேண்டும். கணக்கு நடக்க வேண்டும் என்றால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும்தான் நடக்க வேண்டும்.

இதற்கு முதல் சான்று நம் வயலிலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் ரைசோபியம் விதைநேர்த்தியை இங்குள்ள பலர் செய்திருப்பீர்கள். பொட்டலம் 200 கிராம். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் குழைத்து, உளுந்து, தட்டைப்பயறு விதைகளின் மேல் சீராகப் படும்படி பிசிறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி கலப்பவர்கள் அதை ஒரு நாள் முன்பே கலந்து முடித்திருக்க வேண்டும். அரசு விதித்திருக்கும் தரத்தின்படி அந்தத் தூளில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள பாக்டீரியாக்களாவது இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு பொட்டலத்தில் 1,000 கோடி.

விதை முளைத்து வேர் விட்டதும் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நைட்ரஜன் பற்றாத வேர், ஃபிளேவனாய்டு என்ற வகையைச் சேர்ந்த மூலக்கூறுகளை மண்ணீரில் கசியவிடுகிறது. அருகிலிருக்கும் ரைசோபியத்துக்குள் நாட்-டி என்றொரு புரதம் இருக்கிறது. தனக்குரிய பயிரின் ஃபிளேவனாய்டு வந்து சேர்ந்தால்தான் அது வேலை தொடங்கும். வேறு பயிரினுடையது வந்தால் பெரும்பாலும் அசையாது. அது வேலை தொடங்கியதும் பாக்டீரியா பதில் மூலக்கூறு ஒன்றைத் தயாரித்து வெளியே விடுகிறது. அதற்கு நாட் காரணி என்று பெயர். நாலைந்து சர்க்கரை அலகுகள் கோத்த ஒரு சிறு முதுகெலும்பு, அதன் ஒரு முனையில் கொழுப்பமில வால். வாலின் நீளமும், சர்க்கரையில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன வேதிக் குழுக்களும் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா மாறும். யார் அனுப்பினார்கள் என்பதைச் செடி அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. இந்த அமைப்பை 1990-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். நாட் காரணி நானோமோலார் அளவில், சில சமயம் அதற்கும் ஆயிரத்தில் ஒரு பங்கில் இருந்தாலே வேர்த்தூவி உணர்ந்துவிடும்.

உணர்ந்தபின் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாட் காரணி வேர்த்தூவியின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதத்தில் வந்து அமர்ந்து பத்து நிமிடம் போல ஆனதும், அந்தச் செல்லின் உட்கருவில் கால்சியத்தின் அளவு ஏறி இறங்கத் தொடங்குகிறது. ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. 1996-இல் ஷரன் லாங் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு இதைப் படம்பிடித்துக் காட்டியது. உட்கருவுக்குள்ளேயே இருக்கும் சிசிஏஎம்கே என்ற புரதம் அந்தத் துடிப்புகளை வாங்கிக்கொள்கிறது. ஒரு துடிப்புக்கோ இரண்டு துடிப்புக்கோ அது மரபணுவைத் திறந்துவிடுவதில்லை. மெடிக்காகோ என்ற தீவனப் பயறுச் செடியில் அளந்து பார்த்தார்கள்: முடிச்சுக்கான மரபணு ஒன்று திறப்பதற்குச் சுமார் 36 துடிப்புகள் தொடர்ந்து வர வேண்டியிருந்தது. தற்செயலாக வந்த ஒரு சலனத்தை நம்பிப் பாக்டீரியாவை உள்ளே விட்டால் நோய்க்கிருமியும் அந்த வழியில் நுழைந்துவிடும். அதனால் செடி எண்ணிப் பார்த்தபின் கதவைத் திறக்கிறது. இதைக் கணக்கீடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பிறகு வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை வளைத்துக்கொள்ளும், செடிக்கு நைட்ரஜன் தேடித் தரும் முடிச்சு உருவாகும். நம் நிலக்கடலையில் வழி வேறு. அங்கே வேர்த்தூவி சுருளும் வேலை இல்லை. பக்கவேர் கிளம்பும் இடத்தில் ஏற்படும் வெடிப்பு வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. நுழைந்தபின் முடிச்சு முடிச்சுதான்.

முடிச்சு எத்தனை வேண்டும் என்பதையும் செடி கணக்கில் வைத்திருக்கிறது. முதல் முடிச்சுகள் கிளம்பியதும் வேரிலிருந்து சிறு புரதத் துண்டுகள் தண்டின் வழியே மேலே இலைக்குப் போகின்றன. போதும் என்ற பதில் இலையிலிருந்து கீழே வருகிறது. இந்தப் பதில் வராத சோயா மொச்சை வகைகளை ஆய்வாளர்கள் உருவாக்கிப் பார்த்தார்கள்: வேர் முழுக்க முடிச்சு, செடியோ நோஞ்சான். மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தாலும் செடி முடிச்சு வேலையை அடக்கிவிடும்.

"அதெல்லாம் போட்டுப் பாத்தாச்சுங்க, ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்க" என்று சொல்கிற விவசாயிகள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் பதில் சொல்லப் பாக்டீரியா உயிரோடு இருக்காது. பூஞ்சாணக்கொல்லியோடு ஒன்றாகக் கலந்த விதையிலும் அதே கதைதான். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் செடி அழைப்பதையே குறைத்துக்கொள்ளும். பொறியாளர் பாஷையில் சொன்னால் முதல் இரண்டும் பெறுநர் பழுது. மூன்றாவதில் அனுப்புநர் வாயை மூடிக்கொண்டார். வேளாண் அலுவலரின் துண்டறிக்கையில் இந்த விதிகள் காரணமில்லாத கட்டளைகளாகவே அச்சாகின்றன. காரணத்தைச் சொன்னால் விவசாயி அவற்றை மறக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

இனி இயற்பியல். தண்ணீரில் ஒரு சிறு மூலக்கூறு தானாக நகர்வதை விரவல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் கணக்கை அடால்ஃப் ஃபிக் 1855-இல் எழுதினார். 1905-இல் ஐன்ஸ்டைன் அதன் அடிக்காரணத்தைக் காட்டினார். இதன் முக்கியமான குணம் ஒன்று: தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு மைக்ரான் தூரத்தை அந்த மூலக்கூறு அரை மில்லிவினாடியில் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்குப் பதினான்கு மணி நேரம். ஒரு மீட்டர் போக வேண்டுமானால் பதினாறு ஆண்டுகள். மூலக்கூறுச் செய்தியின் பலமும் பலவீனமும் இந்த நான்கு எண்களிலேயே இருக்கின்றன. செல்லுக்குள்ளும் அதன் அக்கம்பக்கத்திலும் அது போதுமான வேகம். அதைத் தாண்டினால் நடைமுறைக்கு உதவாது.

தூரம் போக வேண்டிய இடத்தில் உயிர்கள் ஓட்டத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன. உடலில் அது ரத்தம், செடியில் சாறு, வெளியில் காற்று. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டுக்கு வாளிப் பொறி கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதிலிருக்கும் சிறு குப்பி எத்தில் 4-மெத்தில் ஆக்டனோயேட் என்ற மூலக்கூறை விடுகிறது. அது ஆண் வண்டின் அழைப்பு. காற்றில் ஏறிப் போன அந்த அழைப்பு மற்ற வண்டுகளை இழுத்துவருகிறது. வண்டின் செய்தியை நாம் எழுதி அனுப்புகிறோம். மூலக்கூறுத் தகவல்தொடர்பைப் பணமாக்கும் தொழில் நம் மாவட்டத்தில் ஏற்கெனவே நடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பொறியாளர்கள் இதைத் தனித் துறையாக எடுத்துக்கொண்டது இந்த நூற்றாண்டில்தான். 2005 வாக்கில் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் செல்லிலிருந்து செல்லுக்குப் போகும் கால்சியம் அலையைச் செய்திக் கம்பியாக நினைத்துப் பார்த்தார்கள். 2008-இல் இயன் அக்கில்டிஸும் உடன் ஆய்வாளர்களும் நானோ வலையமைப்பு என்ற பெயரில் எழுதிய கட்டுரை பலரை இழுத்தது. 2015-இல் ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பு இதற்கொரு தரநிலையும் வெளியிட்டது. 2013-இல் கனடாவிலும் பிரிட்டனிலும் இருந்த மூவர் சாராயத்தைத் தெளிப்பானில் விட்டு, சில மீட்டர் தள்ளி வைத்த உணரியால் முகர்ந்து, கனடா தேசியகீதத்தின் முதல் சொற்களை எழுத்தெழுத்தாக அனுப்பிக் காட்டினார்கள். ஓர் எழுத்துக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் ஆனது. எளிய கருவி, கல்லூரி மாணவர்கள் செய்துபார்க்கலாம். ஆனால் இத்துறையில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பகுதி இன்னமும் காகிதத்தில் போட்ட கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஈரமான கைகள் போதவில்லை.

கணக்கீட்டுப் பக்கம் கதை 1994-இல் தொடங்குகிறது. லியனார்டு ஏடில்மன் என்ற கணினி அறிஞர், ஏழு ஊர்களை ஒவ்வொன்றாக, ஒரே ஒருமுறை தொட்டுவரும் வழியைக் கண்டுபிடிக்கும் புதிரை டிஎன்ஏவால் அவிழ்த்தார். ஒவ்வோர் ஊருக்கும் டிஎன்ஏவின் வேதி எழுத்துகள் 20 கொண்ட ஓர் இழை, ஒவ்வொரு பாதைக்கும் ஓர் இழை. எல்லாவற்றையும் சோதனைக்குழாயில் கலந்தால், சாத்தியமான எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் ஒட்டி உருவாகும். தவறானவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும். அந்தக் கழித்தல் வேலைக்கு ஏழு நாள் ஆனது. உலகமே பரபரப்பானது. மறு ஆண்டே யூரிஸ் ஹார்ட்மானிஸ் என்ற கணினி அறிஞர் ஒரு எளிய கணக்குப் போட்டார்: ஊர்கள் 200 என்றால் இதே முறைக்கு வேண்டிய டிஎன்ஏ பூமியைவிடக் கனமாக இருக்கும். வேகப் போட்டி அன்றே முடிந்துவிட்டது என்பேன். முடிந்தது நல்லதாயிற்று. ஆய்வாளர்கள் வேறு கேள்விக்குத் திரும்பினார்கள்.

அந்தத் திருப்பத்தின் மையத்தில் இருப்பது இழைப் பெயர்ப்பு என்ற வித்தை. 2000-இல் பெல் ஆய்வகத்தின் பெர்னார்டு யுர்க் குழு காட்டியது. ஒரு டிஎன்ஏ இரட்டையில் ஓர் இழை கொஞ்சம் நீளமாக, ஆறேழு எழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த நீட்டலுக்குப் பொருந்தும் புதிய இழை வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எழுத்துக்கு எழுத்து முன்னேறிப் பழைய கூட்டாளியைத் தள்ளிவிட்டுத் தான் இடம்பிடிக்கிறது. வெளியே தள்ளப்பட்ட இழை சும்மா போகாது. அது இன்னோர் இரட்டையின் நீட்டலைத் தேடிப் போகும். ஓர் இழை வந்தால் திறப்பது, இரண்டும் வந்தால் மட்டும் திறப்பது என்று இதைக் கொண்டு தர்க்க வாயில்கள் கட்டலாம். 2011-இல் லுலு சியன், எரிக் வின்ஃப்ரீ என்ற ஆய்வாளர்கள் 130 இழைகளைக் கொண்டு நான்கு பிட் எண்ணின் வர்க்கமூலம் காணும் சுற்றைக் கட்டினார்கள். விடை வர மணிக்கணக்கில் ஆனது. ஆனால் மின்சாரம் இல்லை, சில்லு இல்லை, சிறிது உப்புக் கலந்த நீரில் எழுத்துகள் தாமே இடம் மாறி விடை தந்தன.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். உயிர்ப் பொருள்களின் நானோ அளவிலான வடிவத்தை நம் மண்ணிலிருந்தே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியவர் ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, 1954, 1955-இல் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை வெளியிட்டார். குறுக்களவு ஒன்றரை நானோமீட்டர், நீளம் 300. பக்கத்திலேயே அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது; தோலின் அடிப்பொருளே கொலாஜன் என்பதால் மாதிரிகளுக்கு அங்கிருந்து உதவி கிடைத்தது. தோல் பதனிடும் ஊர்களின் தொழிலும் உலகின் முன்னணி இயற்பியலும் ஒரே சாலையில் சந்தித்துக்கொண்டன.

சென்னையில் 1966-இல் பிறந்து கைக்குழந்தையாக இங்கிலாந்து போனவர் சங்கர் பாலசுப்பிரமணியன். டிஎன்ஏவைப் படிக்கும் சோலெக்சா முறையைக் கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மனோடு உருவாக்கியவர் என்று அவரை உலகம் அறியும். அவர் ஆய்வகத்தில் 2003-இல் இன்னொரு சிறு வேலை நடந்தது: அமிலத்தைக் கூட்டினால் மடியும், குறைத்தால் விரியும் ஒரு டிஎன்ஏ இயந்திரம். அந்த ஆண்டுகளில் அதே ஆய்வகத்தில் பணியாற்றியவர் யமுனா கிருஷ்ணன். கேரளத்துப் பரப்பனங்காடியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் முனைவரானவர். 2005-இல் பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்துக்கு வந்தார்.

அவர் செய்தது என்ன என்பதை அருகே சென்று பார்ப்போம். சைட்டோசின் என்ற எழுத்து அடுத்தடுத்து நிறைந்த டிஎன்ஏ இழைக்கு ஒரு குணம் உண்டு. அமிலத்தில் புரோட்டான்கள் அதிகம். இரண்டு சைட்டோசின்கள் ஒரு புரோட்டானைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு கைகோத்துவிடும். இழைகள் நெருங்கி முறுக்கி நிற்கும். 1993-இல் கண்டறிந்த இந்த வடிவத்துக்கு ஐ-மோட்டிஃப் என்று பெயர். யமுனா கிருஷ்ணன் குழு மூன்று இழைகளைக் கொண்டு பாக்குவெட்டி போல ஒரு கருவி கட்டியது. இரண்டு விறைப்பான கைகள், நடுவில் வளையும் கீல், கைகளின் முனையில் சைட்டோசின் நிறைந்த வால்கள். நடுநிலை நீரில் கைகள் விரிந்தே இருக்கும். அமிலம் ஏறினால் வால்கள் கைகோத்துக் கைகள் மூடிக்கொள்ளும். ஒரு கை முனையில் ஒரு நிற ஒளிர்சாயம், மற்றதில் இன்னொரு நிறம். கைகள் நெருங்கும்போது முதல் சாயம் தன் ஆற்றலை இரண்டாவதுக்குக் கொடுத்துவிடும். வெளிவரும் ஒளியின் நிற விகிதம் மாறும். அந்த விகிதத்தைப் படித்தால் அந்த இடத்தின் அமிலத்தன்மை தெரியும்.

2009-இல் இதைப் பழ ஈயின் உயிருள்ள செல்லுக்குள் அனுப்பினார்கள். செல் வெளியிலிருந்து உணவை விழுங்கும்போது அதை ஒரு சிறு பையில் அடைக்கிறது. பை உள்ளே போகப் போக அமிலம் ஏறும். பையோடு பயணம் செய்த அந்தக் கருவி ஒவ்வொரு கட்டத்திலும் அமிலத்தின் அளவைச் சொல்லிக்கொண்டே போனது. 2011-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவின் உடலுக்குள்ளேயே இது வேலை செய்தது. பிறகு குளோரைடை அளக்கும் கருவி வந்தது. செல்லின் கழிவறுக்கும் பைகளான லைசோசோம்கள் பழுதானால் குழந்தைகளுக்கு வரும் அரிய பரம்பரை நோய்கள் சில உண்டு. அந்நோய்களின் மாதிரி செல்களில் லைசோசோமின் குளோரைடு குறைந்திருப்பதை 2017-இல் அந்தக் கருவி காட்டியது.  யமுனா கிருஷ்ணனுக்கு 2013-இல் பட்நாகர் பரிசு, 2017-இல் இன்ஃபோசிஸ் பரிசு. 2014 முதல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று இழை அவிழ்க்கும் கணக்கு மிகச் சிறியது: அமிலம் உண்டா, இல்லையா, எவ்வளவு. ஒரு ரூபாய்ச் சில்லுகூட அதைவிடப் பெரிய கணக்குப் போடும். ஆனால் அந்தச் சில்லு லைசோசோமுக்குள் போகாது.

கொல்கத்தாவின் சாகா அணு இயற்பியல் நிறுவனத்தில் சங்க்ராம் பாக் குழு வேறு வழியில் போகிறது. ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றியமைத்து, ஒவ்வொரு வகையையும் ஒரு நரம்புச் செல் போலச் செயல்பட வைக்கிறார்கள். உள்ளீடு வேதிப்பொருள், விடை ஒளிரும் புரதம். ஓரிலக்க எண் பகா எண்ணா, ஆங்கில எழுத்து உயிரெழுத்தா என்ற கேள்விகளுக்கு அந்தப் பாக்டீரியாக் கூட்டம் சரியான விடை தந்ததை 2024-இல் வெளியிட்டார்கள். பகா எண்ணைக் கண்டுபிடிக்கப் பாக்டீரியா எதற்கு என்று கேட்பது நியாயம். நாளைக்கு இதே அமைப்பு, குடலுக்குள் இருந்துகொண்டு இரண்டு மூன்று நோய்க்குறிகள் சேர்ந்து தென்பட்டால் மட்டும் மருந்தை விட வேண்டும் என்று முடிவு செய்யலாம். அதற்கான பயிற்சிதான் இந்தப் பகா எண். மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைத் திறந்த வெளியில் விடுவதற்கு 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் தளரக்கூடாது என்பதே என் நிலை. விதைநேர்த்திப் பொட்டலத்தில் இருப்பது மண்ணிலிருந்து தேர்ந்தெடுத்த இயற்கை ரைசோபியம். அதற்கும் இதற்கும் குழப்பம் வேண்டாம்.

நம் ஊர் என்ன செய்யலாம்? வேர்களில் நடக்கும் இந்தப் பரிமாற்றத்தை உயிரோடு பார்க்க, தலைமுடிக்கு ஒப்பான சந்துகளுள்ள சிலிக்கோன் அச்சுத் தகடுகளை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சந்தின் அகலம் 100, 200 மைக்ரான். அதில் வேர் வளரும். பக்கத்துச் சந்தில் நாட் காரணி ஓடும். நுண்ணோக்கியில் கால்சியத் துடிப்பைப் பார்க்கலாம். இந்தத் தகடு வார்க்க ஓர் உலோக அச்சு வேண்டும். 100 மைக்ரான் என்பது மைக்ரோமீட்டரில் பத்துக் கோடு. சி.என்.சி. மில்லிங்கில் இந்த நுணுக்கத்தில் டை செய்யும் கைகள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருளை நாம் இங்கே ஜாப் ஒர்க்காகச் செய்து கொடுக்க முடியும். பீளமேட்டில் பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன; மருதமலைச் சாலையில் வேளாண் பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எல்லாம் ஒரு டவுன் பஸ் தூரம். ஆனால் டை மேக்கரும் வேர் ஆய்வாளரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இந்த அறக்கட்டளை ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தால், என் சொற்பொழிவைவிட அது பெரிய பயன்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது எழுத்துள்ள டிஎன்ஏ இழையை இன்று எழுதிக் கொடுத்தால் செய்து அனுப்பும் நிறுவனங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. விலை கல்லூரி ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகும். ஒரு ஒளிர்வுமானி இருந்தால் இழைப் பெயர்ப்பை இளங்கலை மாணவர்களே செய்துகாட்டலாம். வேதியியல் துறைக்கும் கணினித் துறைக்கும் நடுவே இருக்கும் கதவைத் திறந்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, நெல். பயறு வகைகளைப் போல நெல்லும் தன் நைட்ரஜனைத் தானே தேடிக்கொள்ளுமா என்பது உலகெங்கும் ஆய்வாளர்கள் தலையைக் கொடுத்திருக்கும் கேள்வி. நெல்லின் வேரில் முடிச்சு வராது. ஆனால் வேர்ப் பூஞ்சையான மைக்கோரைசாவோடு நெல் உறவு வைத்துக்கொள்கிறது. அந்தப் பூஞ்சை அனுப்பும் மூலக்கூறுகளும் நாட் காரணியின் நெருங்கிய உறவுதான். அதே போன்ற சர்க்கரை முதுகெலும்பு, சிலவற்றில் கொழுப்பமில வாலும் உண்டு. அவற்றைக் கேட்டதும் எந்தக் கால்சியத் துடிப்பும் எந்தச் சிசிஏஎம்கே புரதமும் பயறில் வேலை செய்கின்றனவோ, அவையேதான் நெல்லிலும் வேலை செய்கின்றன. நெல்லின் சிசிஏஎம்கே மரபணுவை எடுத்து, அது பழுதான மெடிக்காகோ செடியில் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் செடியில் முடிச்சுகள் மீண்டும் உருவாயின. எண்ணும் பாகம் நெல்லிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரைசோபியத்தின் அழைப்பைத் தனியாக அடையாளம் காணும் ஏற்பியும், எண்ணி முடித்தபின் முடிச்சைக் கட்டும் கட்டளைத் தொடரும்தான் இல்லை. கோவையில் படித்து வெளியே வரும் வேளாண் மாணவர் ஒருவர், கணினி படித்த தோழர் ஒருவரோடு உட்கார்ந்து, இந்த இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று வாதாட வேண்டும். அந்த வாதத்தைத் தொடங்குவதற்கு வேண்டிய கட்டுரைகளையும் இழை வரைபடங்களையும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.